வீட்டுப் பட்டறை லேத்துக்கு டிஜிட்டல் ஸ்கேல்: எந்த அச்சில், எந்த வகை, எப்படிப் பொருத்துவது?

கடைசல்_கோவை

அனைவருக்கும் வணக்கம். பம்ப் மோட்டார்களுக்கு ஷாஃப்ட் கடையும் வேலையில் முப்பத்தொரு ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது சிங்காநல்லூரில் வீட்டின் பின்கட்டில், தகரக் கூரையின் கீழ், பழையதாக வாங்கிய நான்கரை அடி லேத் ஒன்றையும், உருண்டைத் தூண் கொண்ட சிறிய மில்லிங்-டிரில்லிங் மெஷின் ஒன்றையும் வைத்துக்கொண்டு, அக்கம்பக்கத்து விவசாயிகளின் பம்ப் ஷாஃப்ட்டுகளையும் என் சொந்த ஆசைக்கான சில பொருள்களையும் செய்துவருகிறேன்.

லேத்தின் பெட் நன்றாக இருக்கிறது. குறை முழுவதும் டூலைக் குறுக்கே தண்டை நோக்கி நகர்த்தும் கிராஸ் ஸ்லைடில்தான். அதன் திருகு அங்குலக் கணக்கில் வெட்டப்பட்டது. டயலில் ஒரு கோடு என்பது ஆயிரத்தில் ஒரு அங்குலம். வரும் வேலைகளோ அனைத்தும் மில்லிமீட்டரில் வருகின்றன. அது போதாதென்று, சிறிய விட்டங்களையே பல ஆண்டுகளாகக் கடைந்ததால் திருகின் நடுப்பகுதி அதிகமாகத் தேய்ந்து, அங்கே பேக்லாஷ் (கைப்பிடியைத் திசை மாற்றும்போது ஸ்லைடு நகராமல் வீணாகும் சுற்று) ஏறக்குறைய கால் சுற்றாகவும், இரு முனைகளில் அதில் பாதியாகவும் இருக்கிறது. ஒரே அளவாக இருந்தால் மனத்தில் கணக்கு வைத்துக் கழித்துவிடலாம். இடத்துக்கு இடம் மாறும் பேக்லாஷை எந்தக் கணக்கில் சேர்ப்பது? கண் பார்வையும் முன்போல இல்லை.

நான் அதிகம் செய்வது 6204 பேரிங் உட்காரும் இடம், அதாவது 20 மி.மீ. விட்டம். ஸ்லைடு நகரும் தூரத்தைத் திரையில் எண்ணாகக் காட்டும் டிஜிட்டல் ஸ்கேல் பொருத்தினால் இந்த வேலை எளிதாகுமா? கண்ணாடி ஸ்கேலா, காந்தப் பட்டை ஸ்கேலா? எல்லா அச்சுகளுக்கும் ஒரே நேரத்தில் வாங்க என் கைப்பணம் இடம் கொடுக்காது; ஆகவே எந்த அச்சில் தொடங்குவது என்பதையும் அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பராமரிப்பு_அம்பத்தூர்

வணக்கம் ஐயா. தொழிற்பேட்டையில் மெஷின் பராமரிப்பில் இருக்கிறேன். கண்ணாடி ஸ்கேல்களை மாற்றுவதும் பழுதுபார்ப்பதும் என் அன்றாட வேலை. உங்கள் நிலையில் கிராஸ் ஸ்லைடில்தான் தொடங்க வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வாங்கும் முன் ஒரு கணக்கைப் பார்த்துவிடுங்கள், ஏனெனில் பலர் இதில்தான் ஏமாந்துபோகிறார்கள்.

கடைகளில் பரவலாகக் கிடைப்பது 5 மைக்ரான் ஸ்கேல் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). கண்ணாடியின் மேல் 20 மைக்ரானுக்கு ஒரு கோடு வீதம், அதாவது ஒரு மில்லிமீட்டருக்குள் 50 கோடுகள் பதிக்கப்பட்டிருக்கும். ஸ்கேலைப் படிக்கும் ரீடர் ஹெட்டில் உள்ள இன்னொரு சிறு கண்ணாடித் தகட்டின் கோடுகள் இவற்றின் மேல் நகரும்போது, ஊடுருவி வரும் ஒளி கூடிக் குறைகிறது. அதை இரண்டு அலைகளாக, ஒன்று மற்றதற்குக் கால் சுற்று பின்தங்கியதாக, ஒளியுணரிகள் வாங்குகின்றன. எந்த அலை முந்துகிறது என்பதிலிருந்து நகரும் திசை தெரிகிறது. இரண்டு அலைகளின் ஏற்ற இறக்கங்களையும் சேர்த்து எண்ணினால் ஒரு கோட்டு இடைவெளிக்கு நான்கு எண்ணிக்கை கிடைக்கிறது. 20-ஐ 4-ஆல் வகுத்தால் 5 மைக்ரான். மில்லிங் மேசைக்கு இது தாராளமாகப் போதும்.

லேத்தின் கிராஸ் ஸ்லைடில் கதை வேறு. ஸ்லைடு 5 மைக்ரான் நகர்ந்தால் விட்டத்தில் 10 மைக்ரான் குறையும். உங்கள் 20 மி.மீ. பேரிங் இடத்துக்கு வழக்கமாகக் கொடுக்கும் கே6 பொருத்தம் (அனுமதிக்கும் அளவு விலகல்) +2 முதல் +15 மைக்ரான் வரை, அதாவது மொத்தமே 13 மைக்ரான் அகலம். திரையில் எண் ஒரு படி மாறினாலே அந்த இடைவெளியில் பெரும்பகுதி போய்விடும். கடைசி இலக்கம் ஓர் எண் முன்னும் பின்னும் ஆடுவது இந்தக் கருவிகளின் இயல்பு என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஆகவே கிராஸ் ஸ்லைடுக்கு 1 மைக்ரான் ஸ்கேலையே வாங்குங்கள். பெட்டின் நீளவாக்கில் பின்னொரு நாள் 5 மைக்ரான் போட்டுக்கொள்ளலாம்.

பேக்லாஷ் பற்றி: ஸ்கேல் திருகைப் பார்ப்பதில்லை, ஸ்லைடையே பார்க்கிறது. எனவே திருகின் தேய்மானம் இனி அளவைக் கெடுக்காது. ஸ்லைடின் ஆட்டத்தைச் சரிசெய்யும் பட்டையான கிப் தளர்வாக இருந்தால் மட்டும் எந்த ஸ்கேலும் உதவாது. ஸ்கேல் வாங்கும் பணத்தை எடுத்து வைத்துவிட்டு, முதலில் கிப்பைக் கழற்றித் துடைத்து, ஸ்லைடு முழு நீளத்துக்கும் ஒரே இறுக்கத்தில் ஓடுமாறு அமையுங்கள்.

நீராவி_மதுரை

அண்ணன் அவர்களுக்கு வணக்கம். நான் மாதிரி நீராவி எஞ்சின்கள் செய்பவன். ஆர்வத்தைக் குறைப்பதாக எண்ண வேண்டாம்; ஆனால் மாற்றுக் கருத்தையும் ஒருவர் சொல்லியாக வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

பேரிங் இடத்தைக் கடையும்போது கடைசி இரண்டு வெட்டுகளுக்கு இடையில் மைக்ரோமீட்டர் வைத்து அளக்காமல் யாரும் விடப்போவதில்லை. அப்படி அளந்த பிறகு தேவைப்படுவது, இத்தனை மைக்ரான் உள்ளே போக வேண்டும் என்ற சிறு நகர்வு மட்டுமே. அதற்கு என்னிடம் பழைய முறை இருக்கிறது. கிராஸ் ஸ்லைடின் மேல் அமர்ந்து வேண்டிய கோணத்தில் திரும்பும் காம்பவுண்ட் ஸ்லைடைப் பெட்டின் நீளவாக்கிலிருந்து 5.74 டிகிரி மட்டும் விலக்கி இறுக்கிவிட்டால், அதை 0.10 மி.மீ. நகர்த்தும்போது டூல் உள்நோக்கிச் செல்வது 0.01 மி.மீ. மட்டுமே. கிராஸ் ஸ்லைடைப் பூட்டிவிடலாம். பேக்லாஷ் என்ற பேச்சே எழாது. நெடுநகர்வுக்கு, பெட்டின் மேல் நீளவாக்கில் ஓடும் சேடிலில் ஒரு டயல் கேஜை நிறுத்தினால் போதும். செலவு மிகவும் குறைவு.

இன்னொன்று. டூல் அழுத்தத்தால் மெல்லிய ஷாஃப்ட் பின்வாங்குவதையும், டூல் முனை மழுங்குவதையும் ஸ்கேல் அறியாது. திரையில் 20.010 என்று ஒளிரும்போது, கையில் இருப்பது 20.025 ஆக இருக்கலாம். எண் துல்லியமாகத் தெரிவதாலேயே புதியவர்கள் அதை நம்பிவிடுகிறார்கள் என்பதே என் கவலை.

ஸ்கார்பரோ_பட்டறை

வணக்கம் ஐயா. நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, கனடாவில் வீட்டுக் கராஜில் ஒரு சிறு லேத்தும் மில்லும் வைத்திருப்பவன். மதுரை அண்ணா சொன்ன காம்பவுண்ட் முறையை நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் இரண்டையும் கலப்பதில் ஓர் ஆபத்து உண்டு. காம்பவுண்டை நகர்த்தினால் கிராஸ் ஸ்லைடின் ஸ்கேலுக்கு அது தெரியவே தெரியாது. திரையில் எண் அசையாமல் நிற்கும், டூல் மட்டும் உள்ளே போயிருக்கும். ஸ்கேல் போட்ட பிறகு காம்பவுண்டைப் பூட்டி வைக்கும் பழக்கம் வேண்டும், அல்லது அதை நகர்த்திய ஒவ்வொரு முறையும் அளவைப் புதிதாகப் பதிய வேண்டும்.

நான் முதலில் போட்டது மலிவான மின்கொள்ளளவு (கெப்பாசிட்டிவ்) வகை ஸ்கேல். டிஜிட்டல் காலிப்பருக்குள் இருக்கும் அதே ஏற்பாடுதான். ஆர்டுயினோ பலகை ஒன்றும் புளூடூத் துணுக்கு ஒன்றும் சேர்த்து, பழைய டேப்லெட்டில் எண்களைப் பார்த்தேன். செய்து முடித்தபோது உண்மையிலேயே பெரும் மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் அதன் நுணுக்கம் 0.01 மி.மீ. மட்டுமே, விட்டத்தில் அது 0.02 ஆகிவிடும். வெட்டு எண்ணெயின் ஈரம் தகட்டின் மேல் படிந்தால் எண்கள் தாவும். மோட்டாரின் வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து வரும் மின் இரைச்சலாலும் அவ்வப்போது தாவின. கவசக் கம்பி போட்டு, கவசத்தை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்த பிறகு அது குறைந்தது. எண்ணெயே விடாமல் பித்தளையும் அலுமினியமும் கடைபவருக்கு அந்த ஸ்கேல் போதும் என்பேன். உங்களைப் போல எஃகு ஷாஃப்ட் கடைபவருக்குப் போதாது.

பிறகு காந்தப் பட்டைக்கு மாறினேன். எண்ணெய், நீர், தூசி எதுவும் அதற்குப் பொருட்டில்லை. வேண்டிய நீளத்துக்கு வெட்டி ஒட்டலாம். ரீடர் ஹெட்டும் சிறியது. ஆனால் ஒன்றைக் கட்டாயம் நினைவில் வையுங்கள்: டயல் கேஜின் காந்த அடியை அந்தப் பட்டையின் அருகில் கொண்டுபோகவே கூடாது. பட்டையில் வடக்கும் தெற்குமாக மாறி மாறிப் பதித்திருக்கும் காந்தக் குறிகளை அது குலைத்துவிடும். பிறகு அந்த இடத்தில் எண்ணிக்கை பிழைக்கும். வார்ப்பிரும்புத் தூளும் பட்டைமேல் ஒட்டிக்கொள்ளும். மேலே போடும் மெல்லிய எஃகு மூடியையும் சேர்த்து ஒட்டி, அடிக்கடி துடையுங்கள்.

கடைசல்_கோவை

மூவருக்கும் நன்றி. அம்பத்தூர்த் தம்பி சொன்ன விட்டக் கணக்கு எனக்குத் தோன்றாத ஒன்று. 5 மைக்ரான் ஸ்கேலை வாங்கியிருந்தால் பெட்டியைப் பிரித்த மறுநாளே வருந்தியிருப்பேன். மதுரைத் தம்பியின் கவலையும் நியாயமானதுதான். மைக்ரோமீட்டரை நான் கைவிடப்போவதில்லை. எனக்கு வேண்டியது, மைக்ரோமீட்டர் 0.064 மிச்சம் என்று சொன்னால் அந்த 0.064-ஐ அங்குலமாக்கி, பாதியாக்கி, பேக்லாஷ் கழித்து, டயலில் தேடும் வேலையிலிருந்து விடுதலை. காம்பவுண்ட் முறையை நானும் அறிவேன். ஆனால் என் வேலையில் ஒரே ஷாஃப்டில் நான்கைந்து விட்டங்கள் வரும்.

காந்த அடி பற்றிய எச்சரிக்கை என் முடிவையே மாற்றிவிட்டது. என் பட்டறையில் இரண்டு காந்த அடிகள் சேடிலின் மேலேயே குடியிருக்கின்றன. நாற்பதாண்டுப் பழக்கத்தை ஒரு ஸ்கேலுக்காக மாற்றிக்கொள்வேன் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. ஆகவே கண்ணாடி.

இரண்டு ஐயங்கள். ஸ்லைடின் எந்தப் பக்கம் பொருத்துவது? தண்டைப் பிடிக்கும் சக் பக்கம் பொருத்தினால் வெட்டுச் சுருள்கள் கொட்டும். தண்டின் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக் பக்கம் பொருத்தினால் டெயில்ஸ்டாக் நெருங்கி வராது. அடுத்தது, வேலையின் நடுவில் மின்சாரம் போனால் பதிந்த அளவெல்லாம் போய்விடுமா?

பராமரிப்பு_அம்பத்தூர்

டெயில்ஸ்டாக் பக்கமே போடுங்கள் ஐயா. மெலிந்த உடல் கொண்ட ஸ்கேல் வகை இதற்காகவே வருகிறது. இழக்கும் தூரத்தை ஈடுகட்ட, டெயில்ஸ்டாக் குழலைச் சற்று அதிகமாக வெளியே நீட்டலாம், அல்லது நீண்ட கழுத்துள்ள ரிவால்விங் சென்டர் போடலாம். வாங்கும்போது நகர்வு நீளத்தை மட்டும் பார்க்காதீர்கள். இரு முனை மூடிகளையும் சேர்த்தால் ஸ்கேலின் உடல், அளக்கும் நீளத்தைவிட 100 மி.மீ.க்கும் மேல் நீண்டிருக்கும். ஸ்லைடை இரு கோடிகளுக்கும் ஓட்டி, ஒட்டுமொத்த இடத்தையும் அளந்த பிறகே வாங்குங்கள். கிப் திருகுகளும் ஸ்லைடு பூட்டும் அந்தப் பக்கத்தில் இருந்தால் அவற்றை எட்டுவதற்கு வழி விட வேண்டும். வீட்டுப் பட்டறைகளில் நான் பார்த்த பொருத்தங்களில் பாதி, கிப்பை இறுக்க வேண்டுமானால் ஸ்கேலையே கழற்ற வேண்டிய நிலையில் இருந்தன.

மின்சாரம் பற்றி: சாதாரண ஸ்கேல் தான் எங்கே இருக்கிறது என்பதை அறியாது; எவ்வளவு நகர்ந்தது என்பதை மட்டுமே எண்ணுகிறது. கரண்ட் போனபோது ஸ்லைடு அசையவில்லை என்றால், பெரும்பாலான திரைகள் பழைய எண்ணையே மீண்டும் காட்டும். இருட்டில் யாராவது கைப்பிடியைத் திருப்பிவிட்டால் கணக்குப் போய்விடும். அதற்காகத்தான் கண்ணாடியில் குறிப்பிட்ட இடைவெளியில், இடத்தை அடையாளம் காட்டும் ரெஃபரன்ஸ் குறிகளும் பதித்திருப்பார்கள். வேலையைத் தொடங்கும் முன் ஸ்லைடை அந்தக் குறியைக் கடக்கச் செய்து, திரையில் ரெஃபரன்ஸ் பொத்தானால் பதிந்துகொண்டால், பிறகு எத்தனை முறை கரண்ட் போனாலும் அதே குறியைத் திரும்பக் கடந்து அளவை மீட்கலாம். காலையில் மெஷினைப் போட்டவுடன் இதைச் செய்வது நல்ல பழக்கம்.

இப்போது பொருத்துவது. ஸ்லைடின் பக்கவாட்டு வார்ப்பு பெரும்பாலும் இழைக்கப்படாத மேற்பரப்பு. பெயிண்டுக்கு அடியில் பட்டியும் பூசியிருப்பார்கள். பட்டியின் மேல் இறுக்கினால் நாளடைவில் அது நொறுங்கித் தளரும். ஆகவே ஸ்கேல் உட்காரும் இடத்தில் இரும்பு தெரியும்வரை சுரண்டுங்கள். எம்5 மரைக்கு 4.2 மி.மீ. துளை, எம்4 மரைக்கு 3.3. வார்ப்பிரும்பில் எண்ணெய் விடாமலேயே டேப் போடலாம். ஸ்கேலுக்கு அடியில் ஒரு தட்டையான பட்டையை வைத்து, அதன் நான்கு மூலைகளிலும் கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத திருகு) வைத்தால் கரடுமுரடான வார்ப்பின் மேலும் மட்டம் பார்க்கலாம். டயல் கேஜைச் சேடிலில் நிறுத்தி, ஸ்கேல் உடலின் மேல்முகத்திலும் பக்கமுகத்திலும் ஓட்டிப் பாருங்கள். முழு நீளத்துக்கும் 0.1 மி.மீ.க்குள் வர வேண்டும்.

இந்த 0.1 எதற்கு என்பதிலும் ஒரு தவறான நம்பிக்கை உலவுகிறது. ஸ்கேல் சாய்ந்திருந்தால் அளவு பிழையாகும் என்று சொல்வார்கள். 300 மி.மீ. நீளத்தில் ஒரு மில்லிமீட்டர் சாய்ந்திருந்தாலும், அதனால் நீளத்தில் வரும் பிழை 2 மைக்ரானுக்கும் குறைவு. உண்மையான ஆபத்து ரீடர் ஹெட்டுக்குத்தான்: சாய்ந்த ஸ்கேலில் அது ஒரு கோடியில் உரசும், மறு கோடியில் விலகும், உள்ளே கண்ணாடியில் ஓடும் சிறு உருளைகள் தேயும். ஹெட்டுக்கும் உடலுக்கும் உள்ள இடைவெளியைக் காக்க ஒரு பிளாஸ்டிக் துண்டு கூடவே வரும். இறுக்கி முடிக்கும்வரை அதை அகற்றாதீர்கள். ஸ்கேலுக்குள் தூசி புகாமல் மூடும் ரப்பர் உதடுகள் கீழ்நோக்கியோ டூலுக்கு எதிர்ப்புறமாகவோ இருக்கட்டும்.

அளவைக் கெடுக்கும் பிழை வேறொன்று. ஜெர்மனியின் யேனா நகரில் ஸைஸ் ஆலையில் பணியாற்றிய எர்ன்ஸ்ட் அபே 1890-இல் சொன்ன விதி அது: அளவுகோல், அளக்கும் பொருளின் அதே கோட்டில் இருக்க வேண்டும். நம் மெஷினில் அது முடியாது; டூல் ஓரிடம், ஸ்கேல் ஓரிடம். இரண்டுக்கும் 100 மி.மீ. தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிப் தளர்ந்து ஸ்லைடு ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு திரும்பினாலே, டூல் முனையில் 0.029 மி.மீ. வித்தியாசம் வரும், ஸ்கேல் அதைக் காட்டாது. நான் கிப்பைப் பற்றி முதலிலேயே சொன்னதற்குக் காரணம் இதுதான்.

பயிற்றுநர்_திருச்சி

வணக்கம். தொழிற்பயிற்சி நிலையத்தில் டர்னர் பிரிவுக்குக் கற்பிக்கிறேன். எங்கள் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் ஒன்றை இங்கே யாரும் தொடவில்லை: வெப்பம்.

நீள அளவுகளுக்கு உலகம் முழுவதும் ஏற்றுக்கொண்ட வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ். தகரக் கூரைக்கு அடியில் சித்திரை மாதத்தில் 35 டிகிரியைத் தாண்டும். எஃகு ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்குச் சுமார் 11.5 மைக்ரான் நீள்கிறது. கண்ணாடி சுமார் 8, அலுமினியம் சுமார் 23. ஐயாவின் 20 மி.மீ. எஃகு ஷாஃப்டுக்கு இது பெரிய சிக்கல் தராது. பேரிங்கும் எஃகு, மைக்ரோமீட்டரும் எஃகு, மூன்றும் ஒரே அறையில் ஒரே அளவில் விரிந்து சுருங்கும். கடைந்த சூட்டோடு அளப்பதை மட்டும் தவிர்க்க வேண்டும். அறையைவிட 15 டிகிரி சூடான 20 மி.மீ. ஷாஃப்ட் மூன்றரை மைக்ரான் பெருத்துக் காட்டும். 13 மைக்ரான் இடைவெளியில் அது கால் பங்கு.

மில்லிங் மெஷினில் அலுமினியத் தகடு வைத்தால் நிலைமை வேறு. 35 டிகிரியில், 300 மி.மீ. தூரத்தில் இரண்டு துளைகளைக் கண்ணாடி ஸ்கேல் பார்த்துப் போட்டு, அதே தகட்டைக் குளிரூட்டிய அறையில் 20 டிகிரியில் அளந்தால், தூரம் கிட்டத்தட்ட 0.07 மி.மீ. குறைவாக வரும். ஸ்கேலிலும் பிழையில்லை, கையிலும் பிழையில்லை. இரண்டு பொருள்களும் வெவ்வேறு அளவில் சுருங்கியதே காரணம். இது தெரியாமல் திரையின் திருத்தக் காரணியை மாற்றி, நல்ல ஸ்கேலைக் கெடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஸ்கார்பரோ_பட்டறை

ஆசிரியை சொன்னது இங்கே தலைகீழாக நடக்கும். குளிர்காலத்தில் கராஜ் 5 டிகிரிக்கு இறங்கும். ஹீட்டரைப் போட்டவுடன் ஈரக்காற்று குளிர்ந்த இரும்பில் வியர்த்துவிடும். கண்ணாடி ஸ்கேலுக்குள் அந்த ஈரம் படிந்தால் ஒளி மங்கி, எண் தவறும். எனக்குக் காந்தப் பட்டை பொருந்தியதற்கு அதுவும் ஒரு காரணம். கோவையில் இந்தத் தொல்லை இராது.

ஐயாவின் மில்லிங் மெஷின் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். உருண்டைத் தூண் என்று எழுதியிருந்தீர்கள். அதில் தலையை ஏற்றி இறக்கும்போது அது தூணைச் சுற்றிச் சிறிது திரும்பிவிடும். மேசையில் எவ்வளவு நல்ல ஸ்கேல் இருந்தாலும் அந்தத் திருப்பம் திரையில் தெரியாது; ஏனென்றால் மேசை நகரவில்லை, தலைதான் நகர்ந்தது. எட்ஜ் ஃபைண்டரால் விளிம்பைப் பிடித்த பிறகு தலையைத் தொடாமல் எல்லாத் துளைகளையும் முடிக்க வேண்டும். குட்டையான டிரில்களையே பயன்படுத்துவதும், முதலில் எல்லா இடங்களிலும் சென்டர் டிரில்லால் மட்டும் குறியிட்டுவிட்டு, பிறகு தலையை ஏற்றிப் பெரிய டிரில்லைப் போட்டு, ஒவ்வொரு குறியையும் டிரில் முனையே தேடிக்கொள்ள விடுவதும் என் வழக்கம்.

கடைசல்_கோவை

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். கிப்பைச் சரிசெய்தேன், அதிலேயே பாதிக் குறை தீர்ந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கிராஸ் ஸ்லைடுக்கு 1 மைக்ரான் கண்ணாடி ஸ்கேல் வாங்கி, டெயில்ஸ்டாக் பக்கம் பொருத்தினேன். பட்டியைச் சுரண்டவே ஒரு நாள் ஆயிற்று. மேல்முகத்தில் 0.06, பக்கமுகத்தில் 0.08 என்ற அளவில் மட்டம் வந்தது. ரீடர் ஹெட்டைச் சேடிலோடு இணைக்க 3 மி.மீ. அலுமினிய ஆங்கிள் துண்டை வளைத்துச் செய்தேன். அது சுமார் 70 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கிறது.

ஆனால் ஒரு குறை. சக்கில் பிடித்த சோதனைத் தண்டை வெளியிலிருந்து உள்நோக்கித் தொட்டால் ஓர் எண், ஸ்லைடை உள்ளே கொண்டுபோய் வெளிநோக்கித் திரும்பி அதே இடத்துக்கு வந்தால் வேறோர் எண், வித்தியாசம் 0.03 மி.மீ. பேக்லாஷ் ஸ்கேலைப் பாதிக்காது என்றீர்கள். பிறகு இது எங்கிருந்து வருகிறது? இரண்டு நாள்களாகத் தூக்கமில்லை.

பராமரிப்பு_அம்பத்தூர்

ஐயா, பதில் உங்கள் பதிவிலேயே இருக்கிறது: 3 மி.மீ. அலுமினியம், 70 மி.மீ. நீட்டம். ஸ்கேலின் ரப்பர் உதடுகள் ரீடர் ஹெட்டை இறுகப் பிடித்து இழுக்கின்றன. ஸ்லைடு உள்ளே போகும்போது ஆங்கிள் ஒரு பக்கம் வளைகிறது, வெளியே வரும்போது மறுபக்கம் வளைகிறது. திருகின் பேக்லாஷை நீக்கிவிட்டு, நாமே செய்த ஒரு பேக்லாஷை உள்ளே வைத்துவிட்டோம்.

உறுதிசெய்ய ஒரு சோதனை. டயல் கேஜின் அடியைச் சேடிலில் நிறுத்தி, முனையை ரீடர் ஹெட்டின் மேலேயே, ஸ்லைடு நகரும் திசையில் வையுங்கள். இப்போது ஸ்லைடை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ரீடர் ஹெட் சேடிலோடு கட்டியது, ஆகவே முள் அசையக் கூடாது. அசைந்தால் அந்த அசைவே உங்கள் பிழை.

கடைசல்_கோவை

முள் 0.03 அசைந்தது! தம்பி, இருந்த இடத்திலிருந்தே பிடித்துவிட்டீர்கள்.

அலுமினியத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, 10 மி.மீ. எம்.எஸ். (மென்னெஃகு) பட்டையில் புதிய பிராக்கெட் செய்து, நீட்டத்தையும் 40 மி.மீ.க்குக் குறைத்தேன். வளையாத் தன்மை தடிமனின் மும்மடியில் கூடும், எஃகு அலுமினியத்தைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு விறைப்பானது என்பதால், நீட்டத்தைக் குறைத்ததை விட்டுவிட்டுப் பார்த்தாலும் நூறு மடங்கு உறுதி கூடியிருக்கிறது என்று என் பேத்தி கணக்குப் போட்டுச் சொன்னாள். இரு திசையிலும் இப்போது 2 மைக்ரானுக்குள் திரும்பி வருகிறது. 25 மி.மீ. ஸ்லிப் கேஜை (துல்லிய அளவுக்கட்டையை) வைத்து டயல் கேஜைச் சுழியாக்கி, கேஜை எடுத்துவிட்டு, திரையில் 25.000 வரும்வரை ஸ்லைடை நகர்த்தினேன். டயல் முள் மீண்டும் சுழியில், மயிரிழை அளவுக்குக்கூட விலகாமல் வந்து நின்றது. அதைப் பார்த்துக்கொண்டு சிறிது நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

நேற்று ஆறு ஷாஃப்ட்டுகளுக்கு 6204 இடம் கடைந்தேன். கடைசி வெட்டுக்கு முன் ஆறவிட்டு, மைக்ரோமீட்டரால் அளந்து, அந்த அளவைத் திரையில் விட்டமாகப் பதிந்து, 20.008-க்குக் கொண்டுபோனேன். ஆறும் 20.004-க்கும் 20.011-க்கும் இடையில் வந்தன. மதுரைத் தம்பி சொன்ன டூல் அழுத்தம் உண்மைதான். கடைசி இரண்டு வெட்டுகளையும் ஒரே ஆழத்தில் எடுத்தால், முந்தைய வெட்டில் தண்டு எவ்வளவு பின்வாங்கியதோ அவ்வளவே அடுத்ததிலும் பின்வாங்குகிறது, ஆகவே அது அளவில் தானாகவே கழிந்துபோகிறது.

நீராவி_மதுரை

மனமார்ந்த வாழ்த்துகள் அண்ணன். சம ஆழ வெட்டுகள் பற்றி நீங்கள் எழுதியது மிகப் பயனுள்ளது. இனி நானும் அப்படியே செய்வேன்.

லேத்தில் என் கருத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை. எனக்கு டயல் கேஜே போதும். மில்லிங்கில் மாற்றிக்கொண்டேன். சென்ற வாரம் ஒரு நண்பரின் பட்டறையில் சிலிண்டர் மூடிக்கு 60 மி.மீ. வட்டத்தில் ஆறு துளைகள் போட வேண்டியிருந்தது. கவராயத்தால் வட்டம் வரைந்து, ஆரத்தாலேயே ஆறாகப் பிரித்து, பஞ்ச் வைத்துத் தட்டுவேன். அதில் ஒரு துளையாவது கால் மில்லிமீட்டர் விலகும், பிறகு அரத்தால் ராவிப் பொருத்துவேன். அவருடைய திரையில் விட்டத்தையும் துளைகளின் எண்ணிக்கையையும் கொடுத்தவுடன், 15.000, 25.981 என்று ஒவ்வொரு துளைக்கும் இரண்டு அச்சுகளின் தூரத்தையும் அதுவே கணக்கிட்டது. இரண்டையும் சுழிக்குக் கொண்டுவந்து, மேசையைப் பூட்டி, துளையிட்டோம். மூடியை எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் ஆறு போல்ட்டுகளும் இறங்கின. அது என் பதினைந்து ஆண்டு அனுபவத்தில் நடந்ததில்லை.

பராமரிப்பு_அம்பத்தூர்

மேசையைப் பூட்டிய பிறகு திரையை இன்னொரு முறை பாருங்கள், அண்ணா. பல மெஷின்களில் பூட்டை இறுக்கும்போதே மேசை 0.01, 0.02 தள்ளிப்போகும். ஸ்கேல் இல்லாதவரை அது நமக்குத் தெரியாமலே இருந்தது. மெதுவாகப் பாதி இறுக்கி, சுழிக்குக் கொண்டுவந்து, பிறகு முழுதும் இறுக்குவது வழக்கம்.

கடைசல்_கோவை

குறித்துக்கொண்டேன் தம்பி. அடுத்த மாதம் பெட்டின் நீளவாக்கில் 5 மைக்ரான் ஸ்கேல் போடுகிறேன். பெட்டின் பின்பக்கத்தில் உடலும், சேடிலின் பின்முகத்தில் ரீடர் ஹெட்டும் வரும். சேடிலுக்குள் வழிகளுக்கு எண்ணெய் போகும் துளைகள் எங்கே ஓடுகின்றன என்பதைக் கம்பி விட்டுப் பார்த்து, வெளியே சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். அந்தக் கோட்டிலிருந்து 15 மி.மீ. தள்ளித்தான் டிரில் இறங்கும். பிராக்கெட் இந்த முறை தொடக்கத்திலேயே 10 மி.மீ. எம்.எஸ்.